ட்ரோன் பறக்க வேண்டியது கோடையில்

அம்பாசமுத்திரம் ஆற்றுப்பாலத்தில் நின்றால் தாமிரபரணியின் அகலம் தெரியும். கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்பது தெரியாது. அதை 2023 டிசம்பர் 17, 18-ல் வெள்ளமே காட்டிக்கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள்.

வெள்ளத்தின்போது எடுக்கும் ட்ரோன் வீடியோ மீட்புக்கு உதவும். கரையின் உயரத்தைக் கண்டறியும் ட்ரோன் அளவை என்பது வேறு வேலை. முதலில் வாய்க்கால் கரையில் ஆங்காங்கே சுண்ணாம்பால் கூட்டல் குறி போட்டு, அந்த இடங்களின் உயரத்தை டிஜிபிஎஸ் கருவியால் துல்லியமாக அளப்பார்கள். பிறகு ட்ரோன் சுமார் 100 மீட்டர் உயரத்தில், சால் பிடித்து உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பும். ஒரு படத்தில் விழுந்த நிலத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் விழும். ஒரே வரப்பைப் பல கோணத்தில் பார்ப்பதால் கணினி அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடும். குறிகள் சரியாக இருந்தால் பிழை சில சென்டிமீட்டர்தான். குறிகள் இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும், உயரம் தப்பாக இருக்கும்.

கேமராவுக்குக் கலங்கிய தண்ணீருக்கு அடியிலோ அமலைச் செடிக்குக் கீழேயோ தரை தெரியாது. சீமைக்கருவேலம் மண்டிய குளத்துக்கு லேசரால் அளக்கும் லைடார் வேண்டும். கனமழையில் சாதாரண ட்ரோன் பறக்கவே பறக்காது. அதனால் பிசான அறுவடை முடிந்து, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன், சித்திரை வைகாசிதான் ஏற்ற காலம்.

கட்டுமான வேலையைக் கண்காணிக்கவும் ட்ரோன் உதவும். நெடுஞ்சாலைப் பணிகளை மாதந்தோறும் ட்ரோனில் பதிவுசெய்ய வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் கட்டாயமாக்கியது. நம் பக்கத்தில், வெள்ளாங்குழியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் வெள்ளநீர்க் கால்வாய் 75 கி.மீ. நீளம், வேலை தொடங்கியது 2009-ல். இவ்வளவு நீளக் கரையை ஆண்டுக்கொரு முறை அளந்து, போன ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்த்தால் எங்கே கரை அமுங்கியிருக்கிறது, எங்கே கால்வாய் தூர்ந்திருக்கிறது என்பது மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையைக் கேட்டாக வேண்டும்.

ட்ரோனால் தர முடியாத ஒன்று ஊர்க்காரர்களிடம் இருக்கிறது: குளம் மறுகால் பாய்ந்தால் முதலில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்ற அறிவு. 2023 வெள்ளம் உங்கள் வீட்டுச் சுவரில் விட்டுப்போன சேற்றுக்கோட்டை டேப் வைத்து அளந்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கோடையில் நம் குளங்களையும் கால்வாய்களையும் ட்ரோனில் அளக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.