திருவொற்றியூர் கோயிலைக் கட்டியது யார்? கல்லில் இருக்கும் அந்த ‘ரவி’

காலடிப்பேட்டை மெட்ரோவில் தினமும் ஏறி இறங்குபவர்களுக்கு அந்தப் பெயரின் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் இது. ‘காலெட் பேட்டை’ மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. ஆக, காலடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! இங்கிருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

ஆனால், அடுத்த ஸ்டேஷனான தேரடியில் இறங்கினால் கதை இன்னும் 700 வருஷம் பின்னால் போகும். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில், ஆதிபுரீஸ்வரர் கருவறையின் பின்பக்கம் நேராக இல்லாமல் வளைந்திருக்கும். படுத்திருக்கும் யானையின் முதுகு போல இருப்பதால் இதற்குத் தமிழில் ‘தூங்கானை மாடம்’ என்று பெயர். அழகான பெயர்தான், இல்லையா?

இந்த விமானத்தைக் கட்டியவரின் பெயர் ரவி. வீரசோழத் தச்சன் என்பது அவருக்கு இருந்த பட்டம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்ற மடத் தலைவர் சொல்ல, கருங்கல்லில் மூன்று தளமாக இவர் எழுப்பினார் என்கிறது கல்வெட்டு. பொதுவாகக் கோயில் என்றால் ‘ராஜா கட்டினார்’ என்பதோடு முடித்துக்கொள்வோம். உளி பிடித்தவரின் பெயர் கிடைப்பது அபூர்வம்.

இதே நூற்றாண்டில் இத்தாலியிலும் இப்படி ஒன்று நடந்தது. பீசா பேராலயத்தின் வேலை 1063-64 வாக்கில் தொடங்கியது. அதன் சிற்பி புஸ்கெத்தோவின் கல்லறையும் அவரைப் புகழும் வரிகளும் முகப்பிலேயே இருக்கின்றன. அதுவும் துறைமுக ஊர்தான். பலெர்மோவைத் தாக்கிக் கொண்டுவந்த செல்வத்தில் எழுந்த கட்டடம் அது. இங்கே ராஜேந்திரனும் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல்படை அனுப்பியவன்.

சரி, யார் இந்தச் சதுரானன பண்டிதர்? அது ஒருவர் பெயர் மட்டுமல்ல. இங்கிருந்த மடத்தின் தலைவர்கள் வழிவழியாக வைத்துக்கொண்ட பெயர். முதலாமவரின் கதைதான் மனசைத் தொடும். வல்லபன் என்ற அவர் கேரளத்துக்காரர். சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு மிக நெருக்கமானவர். 949-இல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில், யானை மேலிருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். அன்று வல்லபன் களத்தில் இல்லை. கூட நின்று சாக முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி அவரை விடவே இல்லை. கங்கையில் நீராடி, உலகத்தை விட்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் வந்து சேர்ந்து துறவியானார்.

இதைச் சொல்லும் கல்வெட்டு யார் ஆட்சியில் வெட்டப்பட்டது தெரியுமா? ராஜாதித்தனைத் தோற்கடித்த அதே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் ஆட்சியில்! தோற்றவனுக்காகத் துக்கப்பட்டவரின் கதை, ஜெயித்தவனின் ஆண்டுக் கணக்கோடு இந்தக் கோயிலில் நிற்கிறது.

ரவி வேலையைத் தொடங்கும்போது இது காலி மனை அல்ல. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். பல்லவன் அபராஜிதனின் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. பழைய கோயில் நின்ற ஊரில்தான் ராஜேந்திரன் காலக் கற்றளி வந்தது. பிறகு மண்டபங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அதில் ஒன்று பாணினியின் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே இருந்த மண்டபம். இரண்டாம் ராஜாதிராஜன் ஒரு பங்குனி உத்திரத்தன்று இங்கே வந்து, சுந்தரரின் கதையை மகிழ மரத்தடியில் உட்கார்ந்து கேட்டதும் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் அப்போதைய சதுரானன பண்டிதரும் இருந்தார்.

மூலவரை ஆண்டு முழுக்கக் கவசத்தோடுதான் பார்க்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் விலகும், அப்போது கூட்டம் அள்ளும். ரவி கட்டிய அந்த வளைந்த சுவரை மட்டும் பிரகாரம் சுற்றும் யாரும், எந்த நாளும் பார்க்கலாம்.