இரண்டு பைத்தானுக்கும் ஒரே செட்டப்

2010 வாக்கில் நான் பராமரித்துவந்த ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியை நிறுவும் செட்டப்.பை கோப்பு நாற்பது வரிதான். எழுத அரை மணி நேரம் பிடித்தது. பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடவைக்க மூன்று வாரம்.

2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தபோதே, பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் 3 நகராது. லைப்ரரிக்குள் இருக்கும் நிரல்களை ‘டூ-டு-த்ரீ’ என்ற கருவியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கருவியை ஏவிவிடுவதே செட்டப் கோப்புதான். அதை யார் மாற்றித் தருவது? அது மட்டும் பிறவியிலேயே இரண்டுக்கும் புரிய வேண்டும்.

“ஒரு இஃப் போட்டு, பதிப்பைப் பார்த்துப் பிரிச்சுட்டா போதாதாண்ணே?” என்று புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். போதாது. பைத்தான் முதல் வரியை ஓட்டுவதற்கு முன்பே கோப்பு முழுவதையும் வாசித்து இலக்கணம் பார்த்துவிடும். முப்பதாவது வரியில் புரியாத பிரிண்ட் ஒன்று கிடந்தால், இரண்டாவது வரியிலுள்ள இஃப்புக்கு வேலையே வராது. சின்டாக்ஸ் எரர் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். எனவே பிரிண்ட்டைக் கைவிட்டு, சிஸ்.எஸ்டிடிஅவுட்.ரைட் என்று சுற்றி வளைத்தோம். பிழையைப் பிடிக்கும் எக்ஸெப்ட் வரியில் கமா போட்டால் 3 முறைக்கும்; ‘ஆஸ்’ போட்டால் 2.5 முறைக்கும். இரண்டும் வேண்டாமென்று, வந்த பிழை இன்னதென அடுத்த வரியில் சிஸ்.எக்ஸ்சி_இன்ஃபோவிடம் கேட்டுக்கொண்டோம். சம்பந்தி வீட்டில் பேசுவதுபோல அளந்து அளந்து எழுதிய வரிகள்.

எனக்கு மறக்காதது ரீட்மீ சங்கதி. செட்டப் கோப்பு, லைப்ரரியின் விளக்கத்தை ரீட்மீயிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதில் ‘தமிழ்’ என்ற ஒரே ஒரு சொல் தமிழ் எழுத்தில் இருந்தது. பைத்தான் 2 என்ன ஏதென்று பார்க்காமல் பைட்டுகளை அள்ளிக் கொடுத்தது. விண்டோஸில் பைத்தான் 3, அந்தக் கணினியின் குறியீட்டுப் பட்டியலை வைத்து அவற்றை எழுத்தாக்கப் பார்த்துப் படுத்துவிட்டது. துருவிப் பார்த்தால் த, மி, ழ எல்லாம் கன்னாபின்னா குறிகளாகவாவது தாண்டிவிட்டிருந்தன. மாட்டிக்கொண்டது ழகரத்தின் தலைப்புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் புள்ளிக்கு மூன்று பைட். அதன் கடைசி பைட்டுக்கு விண்டோஸின் 1252 குறியீட்டுப் பட்டியலில் எழுத்தே கிடையாது. வெறும் ஓபனுக்குப் பதில் கோடெக்ஸ்.ஓபன் போட்டு, யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இரண்டிலும் ஓடியது.

பிறகு நிலைமை மெல்ல இளகியது. ‘சிக்ஸ்’ என்ற உதவி லைப்ரரி வந்தது. இரண்டை மூன்றால் பெருக்கி வைத்த பெயர். 2015-ல் முடியவேண்டிய பைத்தான் 2-இன் ஆயுளை 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள்.

இப்போது அதே லைப்ரரிக்கு பைபுராஜெக்ட்.டாமல் என்று ஒரு கோப்பு. பெயர், பதிப்பு எண், எந்த பைத்தான் வேண்டும், அவ்வளவுதான். அது ஓடுவதே இல்லை, வாசிக்கப்படுவதோடு சரி. அதனால் பைத்தான் இலக்கணச் சண்டைக்கு அங்கே இடமில்லை. லைப்ரரிகளை இறக்கி நிறுவும் பிப் கருவியின், 2016-ல் வந்த 9-ஆம் பதிப்பு முதல், பழைய பைத்தான் வைத்திருப்பவருக்கு அதற்குப் பொருந்தும் பழைய பதிப்பே தானாக இறங்கும். அன்று இது இருந்திருந்தால் என் மூன்று வாரம் மிச்சம்.

முழு நிம்மதி என்று சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12, அதுவரை பைத்தானோடு கூடவே வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நிறுவல் லைப்ரரியையே தூக்கிவிட்டது. அதை நம்பிய பழைய செட்டப் கோப்பை, அந்த இடத்தை நிரப்பும் செட்டப்டூல்ஸ் இல்லாத கணினியில் நேரடியாக ஓட்டினால் முதல் வரியிலேயே நிற்கும்.

என் பழைய கோப்பை நான் அழிக்கவில்லை. கோடெக்ஸ்.ஓபன் வரிக்கு மேல் ‘புள்ளிக்காக’ என்று ஒரு கமென்ட் இருக்கிறது, ஆங்கில எழுத்தில். தமிழில் எழுதியிருந்தால், கோப்பின் தலையில் குறியீடு இன்னதென்று அறிவிக்காத குற்றத்துக்கு, கமென்ட் என்றுகூடப் பார்க்காமல் பைத்தான் 2 மொத்தக் கோப்பையும் தள்ளியிருக்கும்.