பட்டியலில் இல்லாத திராட்சை

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி உள்ள சிற்றூர் பிரெபோட்டோ. ஃபிரியூலி வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வூரின் சொந்தக் கருந்திராட்சை ‘ஸ்கியோப்பெத்தீனோ’. படபடவென வெடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பழத்தைக் கடித்தால் தோல் பட்டென்று வெடிக்கும் என்று காரணம் சொல்வார்கள்.

இதிலிருந்து தயாராகும் சிவப்பு ஒயினில் மிளகு மணக்கும். மிளகு எதுவும் சேர்ப்பதில்லை. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்ற பொருள் இப்பழத்தின் தோலிலேயே அமைந்துள்ளது.

இத்தகைய ரகம் ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் ஃபிரியூலியையும் விடவில்லை. அமெரிக்கத் திராட்சையின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி மறுநடவு செய்வதே அதற்குப் பரிகாரம். ஆனால் மறுநடவில் பலரும் மெர்லோ, கேபர்னே போன்ற பிரெஞ்சு ரகங்களுக்குத் தாவினர். உள்ளூர்க் கொடி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுங்கியது.

பேனை ஒட்டுக் கட்டிச் சமாளிக்கலாம். காகிதத்தை என்ன செய்வது? சாகுபடிக்கு அனுமதிக்கப்பட்ட ரகங்களின் அரசுப் பட்டியலில் ஸ்கியோப்பெத்தீனோ இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாததைப் புதிதாக நடக்கூடாது என்பது விதி.

1970-ல் சால்லா பள்ளத்தாக்கில் பண்ணை தொடங்கிய பாவ்லோ, தீனா ரப்புட்ஸி தம்பதியர் இந்த ரகத்தையே நடுவது என்று உறுதி கொண்டனர். தாய்க்கொடிகளைத் தேடி அலைந்ததில் நூறுகூடத் தேறவில்லை. கிடைத்தவற்றிலிருந்து குச்சிகள் வெட்டி, ஒட்டுக் கட்டித் தோட்டம் போட்டனர். துணிச்சலான காரியம்தான். மலைச்சரிவில் போட்ட முதல் முழுவதையும் சட்டம் ஒரே உத்தரவில் பிடுங்கச் சொல்லியிருக்கலாம்.

திராட்சைச் சக்கையிலிருந்து ‘கிராப்பா’ என்ற சாராயம் வடிக்கும் நோனினோ குடும்பத்தார் அவர்களுக்குத் துணை நின்றனர். நல்ல ரகம் போனால் நல்ல சக்கையும் போய்விடும் அல்லவா? பழைய உள்ளூர் ரகங்களை நடுவோருக்கு 1975-ல் அவர்கள் ஒரு பரிசை ஏற்படுத்தினர். ‘தங்கக் குச்சி’ என்று பொருள்படும் அப்பரிசு 1976-ல் ரப்புட்ஸி தம்பதியருக்குக் கிடைத்தது. தடை செய்த பயிருக்குப் பரிசு என்றதும் விஷயம் அதிகாரிகள் காதுக்கு எட்டியது.

1977-ல் பறித்த பழத்தில் அவர்களுடைய முதல் ஸ்கியோப்பெத்தீனோ ஒயின் தயாராயிற்று. உதினே மாகாணத்தில் இதைப் பயிரிட ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அனுமதி தந்ததோ அதற்கடுத்த 1978-ஆம் ஆண்டில்தான். பின்யோலோ, தாட்ஸெலெங்கே என்ற வேறு இரு பழைய உள்ளூர் ரகங்களுக்கும் அப்போதே தடை நீங்கியது.