ஏழாம் நம்பர் நரம்பு ஸ்டிரைக் செய்தால்...

மேலதிகாரி ஜோக் சொல்கிறார். போன தீபாவளிக்கும் அதே ஜோக்கைத்தான் சொன்னார். இருந்தாலும் சிரிக்கிறீர்கள். இன்க்ரிமென்ட் ஞாபகம் வந்ததும் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை உங்களுக்காக நடத்திக் கொடுப்பது ஏழாம் நம்பர் நரம்பு!

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. அதில் முகத்தைப் பார்த்துக் கொள்பவை முக்கியமாக இரண்டு. ஐந்தாம் நம்பர், உணர்ச்சி டிபார்ட்மென்ட். ஷேவ் பண்ணும்போது பிளேடு கீறினால் மூளைக்கு 'ஸ்ஸ்...' என்று தந்தி அடிப்பது அதுதான். மெல்லுகிற தசைகளும் அதன் பொறுப்பு. ஏழாம் நம்பர், அசைவு டிபார்ட்மென்ட். புருவம் தூக்குவது, கண் மூடுவது, விசில் அடிப்பது, உதட்டைச் சுழிப்பது எல்லாம் அது போடும் உத்தரவு.

அது எப்படிப் போகிறது என்று பார்க்க ஆஸ்பத்திரி போக வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதியைக் காது மடலுக்குக் கீழே வைத்து, விரல்களை விரித்துக் கன்னத்தில் பதியுங்கள். (மெதுவாக! வேகமாக வைக்க வீட்டில் வேறு ஆள் இருக்கலாம்.) கட்டை விரல் நெற்றிப் பொட்டுக்கு, ஆள்காட்டி விரல் கண்ணோரத்துக்கு, நடுவிரல் மேல் உதட்டுக்கு, மோதிர விரல் தாடைக்கு, சுண்டு விரல் கழுத்துக்கு. ஐந்து கிளை, அவ்வளவுதான். மெடிக்கல் காலேஜ் மாணவர்களும் இப்படித்தான் மனப்பாடம் பண்ணுகிறார்கள்.

தகராறெல்லாம் அது வெளியே வருவதற்கு முன்னால்தான். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றில் இந்த நரம்பு வளைந்து நெளிந்து வருகிறது. ரொம்பக் குறுகலான இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் அத்திப்பள்ளி எல்லையில் ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன ஆகும்? அதேதான். நரம்பு லேசாக வீங்கினாலும் ஒதுங்க இடமில்லை. நசுங்கும். அந்தப் பக்க முகம் வேலை நிறுத்தம்!

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை செய்கிற என் நண்பருக்கு ஒரு டிசம்பர் காலையில் இது நடந்தது. பல் தேய்த்துக் கொப்பளித்தால் தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சியது. டீ குடித்தால் சட்டை குடித்தது. இடது கண்ணை மூட முடியவில்லை. மெஷின் சத்தம் அந்தப் பக்கக் காதில் மட்டும் இரண்டு மடங்காக இடித்தது. காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசைக்கும் ஏழாம் நம்பர்தான் எஜமான். நாக்கின் முன்பகுதி ருசியும் இதே நரம்பின் கிளை வழியாகத்தான் போகிறது. ஆகவே சாம்பாரும் சப்பென்று இருந்தது. ஆனால் இதை மட்டும் யாரும் நோயாக எடுத்துக் கொள்ளவில்லை. கேன்டீன் சாம்பார்!

'காத்து அடிச்சிருக்கு' என்றார் சூப்பர்வைசர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததால் என்றார் இன்னொருவர். எங்கள் ஓசூரில் மூன்று பாஷையில் வைத்தியம் சொல்வார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் காற்றுக்கு 'காலி' என்று பெயர். பக்கத்து மெஷின்காரர் கரிசனத்தோடு முகத்தைப் பார்த்து 'காலி, காலி' என்று தலையாட்டியதில் நண்பர் பாதி உயிரை விட்டுவிட்டார்.

குளிர் காற்றுதான் காரணம் என்று உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. உதட்டோரம் கொப்புளம் போட வைக்குமே, அந்த வகை வைரஸ் நரம்பிலேயே தூங்கி எழுந்து செய்யும் வேலை என்று பல ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு அதிகம். 1821-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் முகத்து நரம்புகளைப் பற்றிக் கட்டுரை வாசித்த சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் பெயரால் இது 'பெல் வாதம்' ஆயிற்று.

நண்பரை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். பச்சிலைப் பத்து, ஒரு தாயத்து, ஒன்பது நாள் பத்தியம். இந்த வைத்தியர்களுக்குப் பெயர் கெடாததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெல் வாதம் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒன்றுமே செய்யாவிட்டாலும் முழுசாகச் சரியாகிவிடும். அந்த ஏழு பேரும் பச்சிலைக்குத்தான் நன்றி சொல்வார்கள். மீதி மூன்று பேர் வெளியே வருவதில்லை, வந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

அந்த மூன்று பேருக்காகத்தான் மாத்திரை. ஸ்காட்லாந்தில் சுமார் 550 பேரை வைத்து நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், வாய் கோணிய 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்களில் 94 சதவிகிதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுசாகக் குணமானார்கள். எடுக்காதவர்களில் 82. பத்து நாள் மாத்திரை. கொள்ளை விலையும் இல்லை. (மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு சர்க்கரையைக் கண்டபடி ஏற்றும். காதில் கொப்புளம் இருந்தால் வைத்தியமே வேறு.) நண்பரின் 72 மணி நேரம் பத்தியத்திலேயே கழிந்தது.

இன்னொரு அவசரமும் உண்டு. வாய் கோணுவதெல்லாம் பெல் வாதம் அல்ல; மூளையில் ரத்தக் குழாய் அடைத்தாலும் கோணும். வித்தியாசம் நெற்றியில் இருக்கிறது. புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். முகத்தின் மேல்பாதிக்கு மூளையின் இரண்டு பக்கமும் கரன்ட் கொடுக்கிறது. அதனால் மூளையில் ஒரு பக்கம் பழுதானாலும் நெற்றியில் சுருக்கம் விழும். வாய் மட்டும் தொங்கும். நரம்பே நசுங்கினால் நெற்றியும் சேர்ந்து மழமழ! ஆக, பாதி முகம் மொத்தமும் செத்துக் கிடந்தால் கொஞ்சம் நிம்மதி, நெற்றி நன்றாக வேலை செய்தால் ஆபத்து. தலைகீழ் நியாயம்! அதோடு ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நெற்றியெல்லாம் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அத்திப்பள்ளி நெரிசலையும் அந்தக் கணக்கிலேயே கழிக்க வேண்டும்.

பெங்களூரில் நரம்புக்குப் பேர் போன நிமான்ஸ் இருக்கும் சாலைக்கே ஓசூர் ரோடு என்றுதான் பெயர். 'நிமான்ஸ் போலாமா?' என்றதற்கு நண்பர், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கோபித்துக் கொண்டார். கோபமும் ஒரு பக்கம்தான் தெரிந்தது.

கனடாவில் ழான் கிரெட்டியன் என்றொரு அரசியல்வாதி. இளவயதிலேயே முகத்தில் இடது பக்கம் வாதம் வந்தவர். 1993 தேர்தலில் ஆளுங்கட்சி அவருடைய கோணல் முகத்தை க்ளோஸ்-அப்பில் காட்டி டி.வி. விளம்பரம் போட்டது. அவர் அசரவில்லை. ஆமாம், நான் வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசுகிறேன், எதிராளிகள் மாதிரி இரண்டு பக்கமும் பேசுவதில்லை என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். ஆளுங்கட்சிக்கு மிஞ்சியது இரண்டே சீட். இவர் பிரதமர்!

நம் ஆட்களுக்குக் கோணலைவிடப் பெரிய பிரச்னை கண். இமை மூடாவிட்டால் கருவிழி காயும், புண்ணாகும், பார்வையே போகலாம். அதுவும் கிரைண்டிங் செக்ஷனில், கிரானைட் தூசியில் நிற்கிறவருக்கு? பகலில் கண்ணாடி, அடிக்கடி சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடித் தூங்குவது. முகத்து வைத்தியத்திலேயே முதல் வேலை இதுதான் என்பேன்.

இந்த மூடாத கண்ணோடு நம் பக்கத்தில் ரொம்பப் பேர் வாழ்ந்திருக்கிறார்கள். தொழுநோய், இமைக்குப் போகும் ஏழாம் நம்பர் கிளையைத் தின்றுவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டில் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை, கால், முகத்தைச் சீரமைக்கும் ஆபரேஷன்களில் இறங்கினார். அவர் மனைவி மார்கரெட் கண் டாக்டர். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி ஆஸ்பத்திரியிலும் செய்த ஆபரேஷன்களில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். நெற்றிப் பொட்டில் மெல்லுகிற தசை இருக்கிறதே, அது ஐந்தாம் நம்பர் இலாகா. அதிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, இரண்டு வாராகப் பிரித்து, மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் ஓட்டி விடுவார்கள். ஹெரால்ட் கில்லீஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் வகுத்த முறை.

ஏழு செய்ய வேண்டிய வேலையை ஐந்து 'ஆக்டிங்' பார்க்கும்! ஆனால் ஒரு நிபந்தனை. பல்லைக் கடித்தால்தான் கண் மூடும். ஆகவே தையல் பிரித்ததும் நோயாளிகளுக்கு டிரெயினிங் - கண் காயும்போதெல்லாம் பல்லைக் கடி, தூசி வந்தால் பல்லைக் கடி.

என் நண்பருக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. நாலு மாதத்தில் முகம் முக்கால்வாசி திரும்பியது. திரும்பி வளர்ந்த நரம்பில் சில இழைகள் மட்டும் ரூட் மாறி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டியவை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டன. கல்யாண வீட்டில் பிரியாணி வைத்தால் இடது கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது. பந்தி பரிமாறுகிறவர்கள் பதறிப் போய் இன்னொரு பீஸ் வைக்கிறார்கள்.