நாய்களின் கணைய அழற்சியும் காந்தப் படப் பரிசோதனையும்

களத்தையும் மாட்டுக் கொட்டிலையும் இரவெல்லாம் காக்கும் நாய், ஒருநாள் விடியலில் வாந்தியெடுத்துத் தீனியை மறுத்துப் படுத்துவிடுகிறது. அது நஞ்சு தின்றதென்று கருதி, அதன் வாயில் எண்ணெயையோ புளிக்கரைசலையோ ஊற்றும் வழக்கம் குடியானவர் சிலரிடம் உண்டு. ஊற்றியது மூச்சுக்குழலில் இறங்கினால் நாய் மாளவும் கூடும். உண்மையான நோயோ கணைய அழற்சியாக இருக்கலாம்.

கணையம் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் அண்டையிலுள்ள சுரப்பி. தீனியைச் செரிப்பிக்கும் நீரை அது குடலில் விடுகிறது. அந்நீரிலுள்ள நொதிகள் குடலை அடைந்த பின்னரே வீரியம் பெறவேண்டும். சுரப்பியினுள்ளேயே வீரியம் பெற்றால், கணையம் தன்னையே அரித்து வீங்கும். காரணம் பெரும்பாலும் புலப்படுவதில்லை. எனினும் விருந்தில் எஞ்சிய கொழுப்பைத் தின்ற நாய்க்கும், உடல் பருத்த நாய்க்கும் இந்நோய் வருவதற்கு இடமுண்டு.

வாந்தி, சோர்வு, தீனி மறுத்தல், வயிற்று நோவு ஆகியவை இதன் குறிகள். மார்பைத் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்பது நோவின் அடையாளம். இக்குறிகள் வேறு நோய்களுக்கும் பொதுவானவை. ஆகையால் பரிசோதனை அவசியம்.

"மனிதருக்குப்போல எம்.ஆர்.ஐ. படம் எடுத்து அறியலாகாதா?" என்று வினவுவோர் உண்டு. பால் லாட்டர்பர் 1973இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது இம்முறை. இதற்காக அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிய காந்தத்தினுள் வானொலி அலைகளைச் செலுத்தும்போது, உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் மறுகுறி அனுப்புகின்றன. அதிலிருந்தே படம் அமைகிறது. அழற்சியுற்ற கணையத்தில் நீர் மிகுவதால், ஒருவகைப் படத்தில் அது வெளுத்துத் தோன்றும். சுற்றிலும் தேங்கிய நீரும் தெரியும். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை.

ஆயினும் படம் முடியும்வரை நாய் அசையாதிருக்க மயக்க மருந்து வேண்டும். வாந்தியால் நீர் வற்றித் தளர்ந்த நாய்க்கு அம்மயக்கமே அபாயமாகலாம். மூச்சின் அசைவாலும் வயிற்றுப் படம் மங்கும். செலவும் மிகுதி. எனவே மருத்துவர்கள் முதலில் நாடுவது, கணைய லைப்பேஸ் என்னும் நொதியை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டு படமுமே. இவ்விரண்டையும் நோய்க்குறிகளோடு சேர்த்து நோக்கியே முடிவு செய்வர். அவற்றால் ஐயம் தீராதபோது மட்டும் பெரிய படத்தை எண்ணலாம்.

கவனிக்க வேண்டியவை:

1. இருமுறைக்கு மேல் வாந்தியெடுத்துச் சோர்ந்த நாயை அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. இழந்த நீரை ஏற்றுவதும், நோவையும் வாந்தியையும் அடக்குவதும் முதற் சிகிச்சை.

2. மனிதருக்குரிய வலி மாத்திரையைக் கொடுக்கலாகாது.

3. வாந்தி அடங்கியபின் கொழுப்புக் குறைந்த தீனியைச் சிறுகச் சிறுகக் கொடுக்கவும். பல நாள் பட்டினி போடுதல் தகாது.

4. எச்சில் ஒழுகி விழுங்க இயலாத நாய்க்கு வெறிநோயும் இருக்கலாம். அதன் வாயில் கைவிடாதீர்.

காவல் நாயைக் காப்பது பெரிய கருவியன்று, உடையவர் காலதாமதமின்றிச் செயற்படுவதேயாம். கிராம அலுவலர்கள் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.