ஒரே வகுப்பு, வெவ்வேறு கடவுச்சீட்டு

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் உயர்நிலைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு என்றாவது ஒருநாள் அந்தக் கல்விச் சுற்றுலாத் தாள் வந்து சேரும். மார்ச் விடுமுறையில் பிரான்சும் பெல்ஜியமும், அல்லது இத்தாலியும் கிரேக்கமும். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். தாய்தகப்பன் முதலில் பார்ப்பது கட்டணத்தை. பிள்ளை பார்ப்பது கூட யார் யார் வருகிறார்கள் என்பதை. பிள்ளையிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் இருவருமே யோசிப்பதில்லை. வகுப்பறையில் யாரும் கேட்காத அந்த விவரத்தை விமான நிலையத்தில் கேட்காமல் விடமாட்டார்கள்.

அஜின்கோர்ட் போன்ற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1858இல் ஒரு தபால் நிலையத்தோடு பெயர்பெற்ற இந்தப் பழைய கிராமத்தில், கிளென் வாட்ஃபோர்ட் வீதியில் டிராகன் சென்டர் என்ற சீன அங்காடி 1984இல் திறந்தது. அதன் பிறகு ஊரின் முகமே மாறியது. சீனரும் தமிழரும் பிலிப்பினோக்களும் அக்கம்பக்கமாக வாழும் இப்பகுதியில், குடியிருப்போரில் பெரும்பான்மையினர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். 1915இல் தொடங்கிய அஜின்கோர்ட் கொலிஜியேட் முதல் சுற்றுவட்டாரப் பாடசாலைகள் எதிலும் ஒரு வகுப்புக்குள் நான்கைந்து நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருந்தால் அதில் வியப்பில்லை.

2017: ஒருவரைத் தடுத்தால் எல்லோரும் திரும்புவோம்

இந்தக் கடவுச்சீட்டு வேறுபாடு ஒருமுறை நகரம் முழுவதும் பேசுபொருளானது. 2017 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் ஏழு நாட்டவரின் வருகைக்குத் தடை விதித்தார். மார்ச்சில் அந்த ஆணை திருத்தப்பட்டு ஈரான், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, யேமன் ஆகிய ஆறு நாடுகளுக்கானதாக மாறியது. ரொறன்ரோ மாணவர்கள் நியூயோர்க்குக்கும் வாஷிங்டனுக்கும் பஸ் ஏறுவது அதுவரை வழக்கமான காரியம். இனி யாரை உள்ளே விடுவார்கள், யாரை நிறுத்துவார்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏறத்தாழ 2 இலட்சத்து 46 ஆயிரம் மாணவர்களைக் கொண்ட ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை அம்மாதமே ஒரு முடிவை அறிவித்தது. அமெரிக்காவுக்குப் புதிய பயணங்கள் எதற்கும் ஏற்பாடு செய்வதில்லை. ஏற்கெனவே இறுதி அனுமதி பெற்ற 24 பயணங்கள் நடக்கும். ஆனால் உரிய ஆவணங்கள் உள்ள ஒரு மாணவரையேனும் எல்லையில் திருப்பி அனுப்பினால் முழுக் குழுவும் திரும்பிவிடும். கனடாவின் சாரணியர் அமைப்பான கேர்ள் கைட்ஸும் அதே மாதம் அமெரிக்கப் பயணங்களை நிறுத்தியது.

அந்த ஆறு நாடுகளில் இலங்கை இல்லை. தமிழ்ப் பெற்றோர் பலர் அது நமக்குரிய செய்தியல்ல என்று கடந்துபோயிருக்கலாம். ஆனால் கல்விச்சபை எடுத்த நிலைப்பாடு எந்த ஒரு நாட்டையும் பற்றியதல்ல. குழுவாகப் புறப்பட்டவர்களில் ஒரு பிள்ளை மட்டும் எல்லையில் தனியே நிற்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

பிள்ளையின் கையில் இருப்பது என்ன?

கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்படும் தமிழ்ப் பிள்ளைகளைப் பொதுவாக மூன்று பிரிவில் அடக்கலாம்.

முதலாவது, கனேடியக் குடியுரிமை உள்ளவர்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இவர்கள் விசா இல்லாமல் தங்கலாம். பிரிட்டனுக்குப் போகும் கனேடியர்கள் மட்டும் 2025 ஜனவரி 8 முதல் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும்.

இரண்டாவது, பிஆர் (நிரந்தரவாசி) கார்டும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டும் உள்ளவர்கள். இவர்கள் கனடாவுக்குத் திரும்பி வரலாமே தவிர, பிஆர் கார்டைக் காட்டி இன்னொரு நாட்டுக்குள் போக முடியாது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தனித்தனி விசா தேவை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. பிஆர் கார்டு காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால் திரும்பிவரும் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

மூன்றாவது, அகதி அந்தஸ்து பெற்று, கனடா வழங்கிய அகதிப் பயண ஆவணத்தில் பயணிப்பவர்கள். எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கோரினார்களோ அந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்கு அது செல்லும். விசா தேவையா என்பதை அந்தந்த நாடுதான் முடிவுசெய்யும்.

தாய் தகப்பனில் ஒருவர் கனேடியக் குடியுரிமை பெற்றிருந்தால், 18 வயதுக்குட்பட்ட நிரந்தரவாசிப் பிள்ளைக்குக் குடியுரிமை கோரலாம். வளர்ந்தவர்களிடம் கேட்கும் 1,095 நாள் வசிப்புக் கணக்கு அந்தப் பிள்ளைக்கு இல்லை. கட்டணம் 100 டொலர். தங்களுக்கு முதலில் எடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட குடும்பங்களுக்குச் சுற்றுலாத் தாள் வரும்போதுதான் இது உறைக்கிறது.

பலர் அறியாத ஒரு விதி

ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா பற்றிய 2018/1806 இலக்க ஒழுங்குவிதியின் ஆறாவது உறுப்புரை பாடசாலை மாணவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. விசா தேவைப்படும் நாட்டின் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும், கனடா போன்ற விசா விலக்குள்ள நாட்டில் வசித்து, தன் பாடசாலை ஆசிரியருடன் மாணவர் குழுவாகச் சுற்றுலா வரும் பிள்ளைக்கு உறுப்புநாடுகள் விசாவிலிருந்து விலக்களிக்கலாம் என்கிறது அது. கனடா போன்ற நாடு வழங்கிய பயண ஆவணத்துடன் வரும் அகதிகளுக்கும் அவ்வாறே விலக்களிக்க அதில் இடமுண்டு.

‘அளிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. அளித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரு நாடு தரும், பக்கத்து நாடு தராது. எனவே பயணப் பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டின் தூதரகத்திடமும் பாடசாலை எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும். ‘விசா கிடைக்காது, அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று பிள்ளையின் பெயரை வெட்டுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

அங்கே போய்க் கற்பது

இவ்வளவு பாடுபட்டுப் போவதில் என்ன இருக்கிறது? பிரான்ஸ் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போர் முதலான கனேடிய வரலாறு ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்பின் கட்டாயப் பாடம். அந்தப் பாடத்தில் முக்கியமாக வரும் ஊர் விமி. 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை விமி மேட்டைக் கைப்பற்ற நான்கு கனேடியப் படைப்பிரிவுகளும் முதன்முறையாகச் சேர்ந்து போரிட்டன. 3,598 பேர் இறந்தனர். 1936இல் திறந்த நினைவுச்சின்னத்தில், பிரான்சில் இறந்து கல்லறை அறியப்படாத 11,285 கனேடியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நூற்றாண்டு நிறைந்த 2017 ஏப்ரலில் கனடாவெங்குமிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கு கூடினர்.

விமியில் சுற்றிக்காட்டுவோர் கனேடியப் பல்கலைக்கழக மாணவர்கள். அரசு சில மாதங்களுக்கு அவர்களை அங்கே வேலைக்கு அமர்த்துகிறது. உயர்நிலைப் பாடசாலைப் பிள்ளைக்குத் தன்னைவிடச் சில வயதே மூத்த ஒருவர் போர்க்காலச் சுரங்கப் பாதைக்குள் அழைத்துப்போய் விளக்குகிறார். வெளியே புல்லை மேய்வன செம்மறியாடுகள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருப்பதால் இயந்திரம் கொண்டு புல் வெட்ட முடியாத இடங்கள் அவை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த வன்னிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நல்ல ஆசிரியர்கள் பயணத்துக்கு முன்பே ஆளுக்கொரு படைவீரரை ஒப்படைக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆவணக்காப்பகம் முதல் உலகப்போர் வீரர்களின் 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை 2018இல் முழுவதுமாக இணையத்தில் ஏற்றி முடித்தது. ஊர், தொழில், உயரம், மார்பளவு, யாருக்குச் சம்பளப் பணம் அனுப்பினார் என்பது வரை அதில் இருக்கும். அந்த ஒருவரின் கல்லறையை அல்லது பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைப் பற்றி இரண்டு நிமிடம் சக மாணவர்களுக்குச் சொல்வது பயணத்தின் முக்கிய வேலை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகர் மெனின் வாயிலில் ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்கு ஊதப்படும் இறுதி வணக்கத்தின்போது மலர்வளையம் வைக்கும் மாணவர் குழுக்களையும் காணலாம்.

விமியிலிருந்து அதிக தூரமில்லாத நவ் ஷப்பெலில் 1927இல் திறந்த இந்திய நினைவுச்சின்னம் இருக்கிறது. கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் அதில் உள்ளன. பயணத் திட்டத்தில் அது இல்லையென்றால் சேர்க்கும்படி கேட்க, தெற்காசியப் பிள்ளைகள் நிறைந்த அஜின்கோர்ட் வகுப்புக்குப் போதிய காரணம் உண்டு. 1415இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய, நம் ஊருக்குப் பெயர் கொடுத்த அந்தக் கிராமமும் இதே பா-த-கலே பகுதியில்தான் இருக்கிறது.

பெரிய இடங்களுக்கு வெளியேயும் கற்பது நடக்கும். நான்காம் வகுப்பிலிருந்து படித்த பிரெஞ்சு மொழி, பேக்கரிக்காரரிடம் செல்லுபடியாகிறதா என்று முதன்முறை சோதிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளை குழுச் சாப்பாட்டு மேசையில் அதைத் தானே வாய்திறந்து சொல்லப் பழகுகிறது. மார்ச் நடுவில் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் ஐந்து மணி நேரமே வித்தியாசம். கனடா கடிகாரத்தை முன்னதாகவே மாற்றிவிடுவதால் வழக்கமான ஆறு அப்போது இல்லை. அம்மா எப்போது அழைப்பார் என்று கணக்குப்போடுவதும் ஒரு பாடமே.

பணமும் காப்பும்

ஐரோப்பியப் பயணம் என்றால் பல ஆயிரம் டொலர் செலவு. ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2011இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பாடத்திட்டத்துக்குக் கட்டாயமானவற்றுக்குக் கட்டணம் அறவிடக் கூடாது. விருப்பத் தெரிவான பயணங்களுக்கு அறவிடலாம். ஆகவே போகாத பிள்ளையின் மதிப்பெண் அதனால் குறையக் கூடாது. வசதி குறைந்தவர்களுக்கு உதவி உண்டா என்று அதிபரிடம் தனியே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயண ஏற்பாட்டைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே செய்கின்றன. அந்த நிறுவனம் ஒன்ராறியோ பயணத்துறை மன்றத்தில் பதிவுபெற்றதா என்று பார்க்க வேண்டும். பதிவுபெற்ற நிறுவனம் முறிந்துபோனால் மன்றத்தின் இழப்பீட்டு நிதியிலிருந்து பணம் கோரலாம். பயணம் வேறு காரணத்தால் நின்றுபோனால் அந்த நிதி பொதுவாக உதவாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பயணங்கள் நின்றபோது, ரத்துக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளைப் பலர் முதன்முறையாகப் படித்தார்கள். ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவ அட்டையை நம்பிப் போவதும் ஆபத்து. வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினால் அது நாளொன்றுக்கு 200 டொலரும் தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு 400 டொலரும் வரைதான் தரும். தனி மருத்துவக் காப்புறுதி அவசியம்.

பெயரில் வரும் சிக்கல்

பெற்றோர் இல்லாமல் பயணிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் சம்மதக் கடிதம் கொண்டுபோக வேண்டும் என்பது கனேடிய அரசின் பரிந்துரை. தாயும் தகப்பனும் கையெழுத்திட்டு, சத்தியப் பிரமாண ஆணையர் அல்லது நோட்டரி முன் உறுதிப்படுத்துவது நல்லது. தனித்து வளர்க்கும் தாய் என்றால் பராமரிப்பு உரிமை பற்றிய பத்திரமும் வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு விழுகிறது. பிள்ளையின் குடும்பப் பெயர் தகப்பனின் பெயர்; தகப்பனின் குடும்பப் பெயர் பாட்டனின் பெயர். கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கும் பிள்ளைக்கும் பெயர் ஒத்துவராததைப் பார்க்கும் எல்லை அதிகாரிக்கு உறவு விளங்காது. பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கூட இருந்தால் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். விமானச் சீட்டில் இருக்கும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பாடசாலைப் பதிவேட்டில் பெயரைச் சுருக்கியிருந்தால் அதைப் பார்த்துப் பெயர் கொடுக்கக் கூடாது.

முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியது

வழக்கமாக நாட்டை முதலில் தெரிவுசெய்கிறார்கள், பிறகு பெயர் சேர்க்கிறார்கள், கடைசியில் கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள். பிஆர் பிள்ளையும் அகதி ஆவணம் உள்ள பிள்ளையும் விடுபட்டுப்போவது இந்த வரிசையால்தான். யாரும் அவர்களை விலக்கியதாகத் தோன்றாது. அவர்களே பெயர் கொடுக்காமல் ஒதுங்கிவிடுவார்கள். 2017இல் கல்விச்சபை காட்டிய உறுதி எல்லைக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கானது. பெயரே கொடுக்காத பிள்ளைக்கு அது எட்டாது.

வரிசையைத் திருப்பிப்போடுவது கடினமல்ல. பயணத்துக்கு ஓராண்டு முன், ஆர்வமுள்ள மாணவர்களின் ஆவணங்களை மூடிய உறையில் தனித்தனியாகக் கேட்டு, எல்லோரும் போகக்கூடிய நாடு எது, எங்கே மாணவர் விலக்கு கிடைக்கும் என்று பார்த்து அதன்பின் பாதையை வகுக்கலாம். இதை ஆசிரியர் தானாகச் செய்யாவிட்டால் பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். விசா கவலை உள்ள தாயோ தகப்பனோ அந்த இடத்தில் வாய்திறக்கத் தயங்கக்கூடும். அதனால் பிள்ளைக்குக் கனேடியக் கடவுச்சீட்டு உள்ள பெற்றோரே அதைக் கேட்பதுதான் பொருத்தம்.