சிறிய எரிவாயுக் கொல்லுலை

சிறிய எரிவாயுக் கொல்லுலை என்பது கரிக்குப் பதிலாக எல்.பி.ஜி. எரிவாயுவை எரித்து, இரும்பைத் தட்டி வடிவமைக்கும் பதத்துக்குச் சூடாக்கும் உலை ஆகும். கொல்லு வேலை கற்கத் தொடங்குபவர்கள் இதைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்று வீடுகள் நெருங்கிய புறநகர்ப் பகுதிகளில் கரியுலையின் புகையும் பறக்கும் பொறியும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும். எரிவாயு உலையில் அவை மிகக் குறைவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் இதில் உண்டு. ஆகவே செய்முறையையும் பாதுகாப்பையும் சேர்த்தே அறிய வேண்டும்.

பின்னணி

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்புத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. குறுந்தொகையின் 172ஆம் பாடல், ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் இயங்கிய கொல்லுலையின் துருத்தியை உவமையாகக் காட்டுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகர் 1960களில் தொழிற்பகுதியாக வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. இவற்றைச் சுற்றி லேத், வெல்டிங் பட்டறைகள் பெருகியதால், உலைக்கு வேண்டிய வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல் ஆகிய வேலைகளை இங்கேயே செய்துகொள்ள முடிகிறது.

உலைக்கூடு

உலை நன்றாகச் சூடேறுவதற்கு எரிவாயுவின் அளவைவிட, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் உள்பூச்சே முக்கியம். வீட்டு அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் காற்றில் போய்விடுகிறது. உலையிலோ சூடேறிய சுவரே வெப்பத்தை இரும்பின் மீது திருப்பி வீசுகிறது.

சுமார் 23 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு வெளிக்கூட்டுக்குப் போதும். அதனுள் 25 மி.மீ. தடிமனும் 1260 பாகை செல்சியசு தரமும் உள்ள செராமிக் ஃபைபர் போர்வையை இரண்டு சுற்றுப் பொருத்தினால், 13 செ.மீ. விட்டமுள்ள அறை கிடைக்கும். இதன் கொள்ளளவு ஏறத்தாழ 4 லிட்டர். ஓர் எரிப்பான் இதற்குப் போதுமானது. தரையில் ஒரு தீச்செங்கல் பலகை வைக்க வேண்டும். முன்னும் பின்னும் திறப்பு இருந்தால் நீண்ட கம்பியையும் சூடாக்கலாம்.

போர்வையின் இழைத்தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. வெட்டும்போது உரிய முகக்கவசம் அணிய வேண்டும். பொருத்திய பின் உள்பரப்பு முழுவதையும் தீச்சாந்தால் பூசி மூட வேண்டும். பூச்சு நன்றாகக் காய்ந்தபின், முதல் சில முறை சிறு தீயில் சூடாக்கினால் வெடிப்பு விடாது.

பழைய எரிவாயு உருளையை வெட்டி வெளிக்கூடு செய்வதைத் தவிர்க்க வேண்டும். காலியானதாகத் தோன்றும் உருளையில் எஞ்சிய வாயுவும் வெட்டும்போது வெடிக்கக்கூடும்.

எரிப்பான்

சுமார் 20 செ.மீ. நீளமுள்ள முக்கால் அங்குல இரும்புக் குழாயே எரிப்பானின் உடல். ஒரு முனையில் ஒன்றரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாகக் குறுகும் ரெடியூசரைப் பொருத்தி, அதன் நடுவில் வாயு நுழையும் சிறு முனையை நேராக நிறுத்த வேண்டும். மிக் வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பிக்குப் பயன்படும் செம்பு முனை இதற்கு ஏற்றது. அதிலிருந்து வேகமாகப் பாயும் வாயு, பக்கத்துக் காற்றைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. துருத்தி செய்த வேலையை இங்கே வாயுவின் வேகம் செய்கிறது.

வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் புரொப்பேனுக்கானவை. நம் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. முழுமையாக எரிய, ஒரு பங்கு புரொப்பேனுக்கு 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கு காற்றும் வேண்டும். அதனால் அதே வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் சுடர் மஞ்சளாக எரியலாம். அப்போது காற்று வழியைக் கூட்ட வேண்டும். அல்லது முனையின் துளையைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

எரிவாயு இணைப்பு

சமையல் ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தமே தரும். இந்த உலைக்கு அது போதாது. அழுத்தத்தை மாற்றக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரும், அதற்கேற்ற எல்.பி.ஜி. ஹோசும் வேண்டும். வீட்டுக்கு வழங்கப்படும் 14.2 கிலோ உருளையை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வணிகப் பயன்பாட்டுக்கான உருளையையே வாங்க வேண்டும். இத்தகைய உலை ஒரு மணி நேரத்தில் அரை முதல் ஒரு கிலோ வரை வாயுவைச் செலவிடும்.

பதம் அறிதல்

இரும்பின் நிறமே வெப்பமானி. மங்கிய சிவப்பு நிறத்தில் தட்டினால் விரிசல் விடலாம். ஆரஞ்சு முதல் மஞ்சள் வரை, அதாவது ஏறத்தாழ 950 முதல் 1150 பாகை வரை, மென்னிரும்பைத் தட்ட ஏற்ற பதம். பழைய லாரி வில்தட்டு போன்ற கரிமம் மிகுந்த எஃகை இதைவிடச் சற்றுக் குறைவாகச் சூடாக்க வேண்டும். வெயிலில் நிறம் தெரியாது. நிழலில் வேலை செய்வதே சரி.

பாதுகாப்பு

* எரிவாயு உலை நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மூடிய அறையில் இது உயிரைப் பறிக்கும். நாற்புறமும் திறந்த கூரையின் கீழ் மட்டுமே மூட்ட வேண்டும்.
* எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஒவ்வொரு முறையும் இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் 1906 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.
* முதலில் தீயை வாயிலில் பிடித்து, பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். சுடர் அணைந்தால் வாயுவை மூடி, சில நிமிடங்கள் கழித்தே மீண்டும் பற்றவைக்க வேண்டும். முடிக்கும்போது உருளையின் வால்வை முதலில் மூட வேண்டும்.
* ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்கக் கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு புகையாகி, காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும்.
* சூடான இரும்பு விழுந்தால் சிமென்ட் தரை தெறிக்கும். மணல் பரப்புவது நல்லது.
* பருத்தி உடை, தோல் காலணி, கண்ணாடி அணிய வேண்டும். பாலியெஸ்டர் துணி உருகி உடலில் ஒட்டும். தீயணைப்புக் கருவி அருகில் இருக்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு 10 மி.மீ. மென்னிரும்புக் கம்பியில் ஒரு கொக்கி செய்வது போதும். கூர் இழுத்தல், வளைத்தல், முறுக்குதல் ஆகிய மூன்றையும் அதிலேயே பழகலாம். எரிப்பானையும் இணைப்புகளையும் அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே உலையை மூட்ட வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் உலை அமைத்தால் செலவு குறையும். அவசரத்தில் வால்வை மூட அருகில் ஒருவர் எப்போதும் இருப்பார்.